வங்கி வாசலில் ஒரு சினிமா

அர்ஜென்டினத் தலைநகர் புவெனோஸ் ஐரிஸின் புளோரிடா தெருவுக்குள் கால் வைத்ததுமே அந்தக் குரல் கேட்கும். ‘காம்பியோ, காம்பியோ, காம்பியோ.’ பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கூவும் நடத்துநரைப்போல ஒரே சுருதி, ஒரே வேகம். பத்தடிக்கு ஒருவர் நிற்கிறார். டாலரை வாங்கிக்கொண்டு பெசோ தருபவர்கள். ‘அர்போலிதோ’ என்று இவர்களுக்குப் பெயர். சின்ன மரம் என்று பொருள். நட்ட இடத்திலேயே நாள் முழுக்க நிற்பதால் அந்தப் பெயர்.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை நான் புவெனோஸ் ஐரிஸில் வந்து இறங்கியபோது ஒரு டாலருக்கு 45 பெசோ கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதிபர் தேர்தலுக்கான முன்தேர்தல் நடந்தது. ஆட்சியில் இருந்த மவுரிசியோ மக்ரி, கணித்தவர்கள் சொன்னதைவிட வெகுதூரம் பின்தங்கினார். திங்கட்கிழமை அதே தெருவில் அதே குரல்தான். எண் மட்டும் 60-ஐ நெருங்கியிருந்தது. என் பையில் இருந்த டாலர் ஒரே இரவில் கனத்துவிட்டது. எதிரே நடந்து வந்த ஒவ்வொருவரின் சம்பளமும் அதே இரவில் இளைத்துப்போயிருந்தது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்கள். பழகிய முகங்கள்.

நான் அங்கே போனது சினிமாவுக்காக. இருபது ஆண்டுகளாகத் திரைப்படச் சங்கத் திரையிடல்களில் அர்ஜென்டினப் படங்களைப் பார்த்துவருகிறேன். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் ஸ்பானிய மொழியும் கற்றுக்கொண்டேன். ஏன் இந்த ஊர் என்று கேட்பவர்களிடம் மார்த்தெல், திரபெரோ ஆகிய இயக்குநர்களின் பெயர்களைச் சொல்வேன். உண்மையான காரணம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் அப்பா தன் பி.எஃப். பணத்தில் கடன் எடுத்து, அக்கா கல்யாணத்துக்கென்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் டெபாசிட் போட்டார். பேங்கைவிடக் கூடுதல் வட்டி. ஒரு நாள் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஊரில் ‘பிளேடு கம்பெனி’ என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. ஆகையால் போட்டவர்மீதுதான் எல்லோருக்கும் கோபம். “இவ்வளவு படிச்சும் இளிச்சவாயனா இருந்திருக்கீங்களே” என்று என் மாமா கூடத்தில் வைத்தே கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த ரசீதை அவர் கிழித்துப் போடவும் இல்லை. சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்த மௌனத்தை ஒரு படத்தில் பார்க்க வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதைத் திரும்பத் திரும்பப் படமாக எடுத்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள்.

அல்மக்ரோ பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் தங்கினேன். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தார். நான் ‘சென்யோரா’ என்று கூப்பிட்டேன். அவர் முதல் நாளே என்னோடு உரிமையாக ஒருமையில் பேச ஆரம்பித்துவிட்டார். நம்மூர் ‘தம்பி’ மாதிரி அதில் ஓர் ஒட்டுதல் இருந்தது. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். திங்கள் இரவு அவர் பருப்பும் இறைச்சியும் போட்டு ஒரு கெட்டிக் குழம்பு வைத்தார். அந்த அலுமினியப் பாத்திரத்தின் வாய் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அரையடி நீளத்துக்கு, பல் பதிந்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“கீழே விழுந்துவிட்டதா சென்யோரா?” என்று கேட்டேன்.

“நான் அடித்தது. 2001 டிசம்பர்.” மரக் கரண்டியை எடுத்துக் காட்டினார். “இதால் இல்லை. இரும்புக் கரண்டியால்.”

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஒரு சட்டம் போட்டு ஒரு பெசோவும் ஒரு டாலரும் சமம் என்று கட்டிவைத்தார்கள். பத்து வருடம் அந்தக் கட்டு நின்றது. விலைவாசி அடங்கியது, உள்ளூர்ச் சரக்கு வெளியே விற்காமல் தொழிற்சாலைகள் மூடின, நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போனது. கட்டு அவிழப்போகிறது என்று மோப்பம் பிடித்தவர்கள் பணத்தை வெளியே கொண்டுபோனார்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற 2001 டிசம்பர் முதல் தேதி பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாயோ ஓர் ஆணை போட்டார்: வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் யாரும் ரொக்கமாக எடுக்க முடியாது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘கொர்ராலித்தோ’. தவழும் குழந்தை வெளியே போகாமல் இருக்க நாலு பக்கமும் அடைத்துவைக்கும் சின்ன வேலிக்கு அங்கே அந்தப் பெயர். சென்யோரா இரண்டு கையாலும் மேசைமேல் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். “பணம் உள்ளே. நாங்கள் வெளியே. கண்ணுக்குத் தெரிகிறது, தொட முடியாது.”

டிசம்பர் 19 இரவு நகரம் முழுக்கப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தது. மறுநாள் அதிபர் தெ லா ரூவா பதவி விலகி, மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் போனார். அந்த இரண்டு நாளில் நாடெங்கும் 39 பேர் இறந்தார்கள். அவெனிதா தெ மாயோ நடைபாதையில் அவர்களில் சிலருக்கு நினைவுத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் அவற்றை மிதிக்காமல் விலகி நடக்கிறார்கள். ஜனவரியில் பெசோவின் கட்டை அவிழ்த்தார்கள். டாலராகப் போட்டு வைத்தவர்களுக்கு, டாலருக்கு 1.40 பெசோ என்று கணக்கிட்டு, பணவீக்கத்துக்கு ஒரு சரிக்கட்டலோடு தருவதாகச் சொன்னார்கள். ஆண்டின் நடுவில் வெளியே டாலர் மூன்றரை பெசோவைத் தாண்டியிருந்தது. சென்யோராவின் கணவர் தன் தச்சுப் பட்டறையை விற்று அந்தப் பணத்தை டாலராகப் போட்டு வைத்திருந்தாராம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சென்யோராவே சொன்னார், கடைசி டாலர்வரை. பதினெட்டு வருடம் கழித்தும் கடைசி இலக்கம் நினைவிருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 15 அன்று ‘லா ஓதிசேயா தெ லோஸ் ஹீலெஸ்’ வெளியானது. தலைப்பில் உள்ள ‘ஹீல்’ என்ற சொல்லுக்கு நான் தமிழில் தேட வேண்டியிருக்கவில்லை. இளிச்சவாயன். படத்தின் பெயர், இளிச்சவாயர்களின் நெடும்பயணம். எதுவார்தோ சாசேரி எழுதி 2016-இல் அல்ஃபாகுவாரா பரிசு பெற்ற நாவலை செபாஸ்தியான் போரென்ஸ்தெய்ன் படமாக எடுத்திருந்தார். ரிக்கார்தோ தரீனும் அவர் மகனும் அப்பா மகனாகவே நடித்திருந்தார்கள். மறுநாள் இரவு கொர்ரியெந்தெஸ் சாலையில் ஓர் அரங்குக்கு சென்யோராவோடு போனேன். இருக்கை ஒன்றுகூடக் காலி இல்லை. பெசோ சரிந்து ஐந்து நாள்கூட ஆகாத வாரம்.

2001, ஒரு சிற்றூர். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் பெர்லாசி, பழைய தானியக் கிடங்கை வாங்கிக் கூட்டுறவாக நடத்தலாம் என்று ஊராரிடம் பணம் சேர்க்கிறார். படத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நான் சொல்வது இந்தச் சேகரிப்பைத்தான். வீடு வீடாகப் போகிறார்கள். ஒருவர் நிறையத் தருகிறார், ஒருவர் கொஞ்சம். டாலர்களைப் பெட்டகத்தில் பூட்டி வைக்கிறார்கள். கடன் வேண்டுமானால் அதைக் கணக்கில் போடுங்கள் என்கிறார் வங்கி மேலாளர். அந்த இடத்தில் அரங்கம் மூச்சுவிட மறந்தது. என் பின்னால் ஒரு கிழவர், திரையில் இருப்பவருக்குக் கேட்கும் என்பதுபோல, “வேண்டாம்” என்றார். அடங்கின குரலில், ஒரே ஒரு தரம். சென்யோரா தன் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பெர்லாசி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கொர்ராலித்தோ.

பிறகு நடப்பது ஒரு கொள்ளைக் கதை. முடக்கம் வரப்போவதை முன்பே அறிந்து அந்த டாலர்களை எடுத்துக்கொண்ட வழக்கறிஞர், வயல் நடுவே நிலவறை கட்டிப் பணத்தைப் பதுக்கியிருக்கிறார். இளிச்சவாயர்கள் கூடித் திட்டம் போடுகிறார்கள். அலாரத்தை வேண்டுமென்றே அடிக்கடி அலற வைத்து, அவரே சலித்துப்போய் அதை அணைக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் உத்தி. அரங்கம் சிரித்தது, கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனாலும் இந்த இரண்டாம் பாதியில் எனக்கு ஒரு குறை உண்டு. நாட்டையே கவிழ்த்த கணக்கு ஒரு கெட்ட வழக்கறிஞரின் நிலவறைக்குள் அடங்கிவிடுகிறது. கட்டிவைத்த பெசோ, ஏறிய கடன், தெரிந்தே தள்ளிப்போட்ட அமைச்சர்கள் எல்லோரும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். படம் விட்டு நடந்துவரும்போது இதைச் சென்யோராவிடம் சொன்னேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “என் கணவர் சாகும்வரை யாரிடமும் பேங்க் பற்றிப் பேசியதில்லை. தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டே போனார். இன்று அத்தனை பேர் அந்த ஹீலுக்குக் கைதட்டினார்கள். நீயும் கேட்டாய் இல்லையா?”

கேட்டேன்.

இந்த ஊர் சினிமா நெருக்கடியைப் பின்னால் வந்து பதிவு செய்ததோடு நிற்கவில்லை. முன்னாலேயே மோப்பம் பிடித்தது. ஃபாபியான் பியெலின்ஸ்கியின் ‘நுயேவெ ரெய்னாஸ்’, ஒன்பது அரசிகள், 2000 ஆகஸ்டில் வந்தது. போலித் தபால்தலைகளை விற்கப் பார்க்கும் இரண்டு ஏமாற்றுக்காரர்கள். பாடுபட்டு வாங்கிய காசோலையோடு வங்கிக்கு ஓடினால் வங்கி மூடிக் கிடக்கிறது. உள்ளே பணம் போட்டவர்கள் கண்ணாடிக் கதவை அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிஜத்தில் அந்தக் காட்சி நாடெங்கும் அரங்கேறப் பதினைந்து மாதம் இருந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைத்தெருவில் நின்று, யார் யாரை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கூர்ந்து பார்த்த ஒருவர், அடுத்த ஏமாற்று எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டார். பியெலின்ஸ்கி இரண்டே முழுநீளப் படங்கள் எடுத்து, 2006-இல் 47 வயதில் இறந்துபோனார்.

‘நுயேவெ ரெய்னாஸ்’ படத்துக்கும் ஒரு வருடம் முன்னால் வந்தது பாப்லோ திரபெரோவின் ‘முந்தோ குரூவா’. கருப்பு வெள்ளை, பதினாறு மில்லிமீட்டர். ரூலோ என்ற கனத்த உடம்புக்காரர், இளமையில் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், ஐம்பதை ஒட்டிய வயதில் கிரேன் ஓட்டப் பழகுகிறார். பழகிவிடுகிறார், மருத்துவப் பரிசோதனையில் அவருடைய உடம்பு தடையாகிறது. பிழைப்புக்காகத் தெற்கே ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி கொமதோரோ ரிவதாவியா போகிறார். அங்கேயும் வேலை நிலைக்கவில்லை. கடன், கட்டு அவிழ்ப்பு என்று ஒரு வார்த்தை படத்தில் கிடையாது. ஓர் எஞ்சினைப் பிரித்து மாட்டும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. நாடு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியை நான் பார்த்ததில்லை.

சோலானாஸின் ‘மெமோரியா தெல் சக்கெயோ’ என்ற 2004 ஆவணப்படம், சூறையாடலின் முழு வரலாற்றையும் பெயர் பெயராக எடுத்து வைக்கிறது. ஒருமுறை பார்க்கவேண்டிய படம். நான் திரும்பத் திரும்பப் போவது ரூலோவிடம்தான்.

இத்தனை படங்களை அந்தச் சிரமத்தில் எப்படி எடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை கவ்மோந்த் அரங்கில் இருக்கிறது. மெட்ரோவின் ஏ தடத்தில் காங்கிரசு நிலையத்தில் இறங்கிப் படியேறி வந்தால் நாடாளுமன்றச் சதுக்கம். 1913 முதல் ஓடும் தடம் அது. சதுக்கத்தின் ஓரத்தில் ரிவதாவியா சாலையில் கவ்மோந்த். 1994-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, அர்ஜென்டினாவில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் பத்து சதவீதம் தேசியத் திரைப்பட நிறுவனத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு நிரம்பும் அரங்கம், உள்ளூரில் அறிமுக இயக்குநர் ஒருவரின் படத்துக்குச் சில்லறை போடுகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தும் ஒரு பங்கு உண்டு. அரசு கஜானா காலியான நாளிலும் யாரோ எங்கோ டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசை நிறுத்திவைத்த சங்கடமான மாதங்களும் இருந்தன என்றாலும், அடித்தளம் ஜனங்களின் டிக்கெட்தான்.

அந்த நிறுவனம் நடத்தும் அரங்கம் கவ்மோந்த். நான் போனபோது அங்கே திரையிட்டது அர்ஜென்டினப் படங்களை. இதன் இன்னொரு பெயர் ‘கிலோமீட்டர் சுழி’. நாட்டின் சாலைகளுக்கெல்லாம் தூரம் அளக்கும் தொடக்கக் கல் பக்கத்துச் சதுக்கத்தில் இருக்கிறது. இதே நிறுவனத்தின் பிற ஊர் அரங்குகளுக்கு இங்கிருந்து எத்தனை கிலோமீட்டரோ அதுவே பெயர். எனக்கு அந்தப் பெயர்முறை மிகவும் பிடித்துப்போனது. படம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அரங்கின் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட் விலை அப்போது வணிக அரங்குகளில் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான். செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் ஓய்வூதியர்கள். கம்பளிக் கோட்டு, கழுத்தில் துண்டு, ஒருவர் கையில் மாத்தே பானக் குடுவையும் வெந்நீர்க் குப்பியும். என்ன படம் என்று தெரியாமலே வந்திருந்தார்கள் சிலர். “வீட்டில் ஹீட்டர் போட்டால் கேஸ் கட்டணம் கட்டி மாளாது, இங்கே கதகதப்பாக இருக்கும்” என்று ஒரு அம்மாள் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் அதே அம்மாள் வாசலில் நின்று, கதாநாயகி கடைசியில் எடுத்த முடிவு தவறு என்று கால்மணி நேரம் வாதாடினார்.

வெளியே வந்து எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். விலைப்பட்டியல் அட்டையில் ஒவ்வொரு விலையின்மேலும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, பேனாவால் புது எண் எழுதியிருந்தது. விரலால் தடவினால் ஒவ்வொன்றும் புடைத்து நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து தாள். மூலையில் பிரிந்திருந்த ஒன்றை நகத்தால் லேசாகத் தூக்கினேன். கீழே பழைய விலை, அதற்கும் கீழே அதைவிடப் பழையது. பரிமாறுபவர் பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து, விரல் வைத்து அழுத்தி ஒட்டிவிட்டு, “இது திங்கட்கிழமை ஒட்டியது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோ சந்தையில் பழைய நோட்டுகள் விற்கும் கடையில் ஒரு ‘பத்தகோன்’ வாங்கினேன். 2001-இல் சம்பளம் கொடுக்கப் பெசோ இல்லாமல் புவெனோஸ் ஐரிஸ் மாகாணம் தானே அச்சடித்துக் கொடுத்த தாள். ஆசிரியர்களும் செவிலியர்களும் அதைச் சம்பளமாக வாங்கினார்கள். சென்யோராவும் வாங்கியிருக்கிறார். அசல் நோட்டைப்போலவே நிறம், எண், கையெழுத்து. உற்றுப் படித்தால் பணம் என்று எங்கும் இல்லை. மாகாணக் கருவூலத்தின் கடன்பத்திரம் என்று இருக்கிறது. அப்பாவின் ரசீதிலும் தாள் நல்ல தாள்தான். மங்காத பச்சை மை.

செப்டம்பர் முதல் தேதி, ஞாயிறு, அரசு மறுபடியும் டாலருக்கு வேலி போட்டது. தனிநபர் மாதம் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அவ்வளவு வாங்குகிறவர் நான் பார்த்த தெருக்களில் யாரும் இல்லை. இருந்தும் திங்கள் காலை வங்கி வாசல்களில் ஆள் நின்றார்கள். எடுக்க வந்தவர்கள் சிலர். பெரும்பாலோர் கதவு திறக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். திறந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அக்டோபர் தேர்தலுக்குப் பின் அந்த வரம்பு மாதம் இருநூறு டாலராகச் சுருங்கியது என்று ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தேன்.

அதன்பின் நான் அங்கே போகவில்லை. படங்கள் வந்துகொண்டிருந்தன. 2023-இல் ரொத்ரிகோ மொரேனோவின் ‘லோஸ் தெலின்குவெந்தெஸ்’ பார்த்தேன். ஒரு வங்கி ஊழியர் கணக்குப் போடுகிறார்: ஓய்வுபெறும்வரை இருபத்தைந்து வருடம் இந்தக் கவுண்டரில் உட்காருவதா, பணத்தை எடுத்துக்கொண்டு சரணடைந்து மூன்றரை வருடம் சிறையில் இருப்பதா? பேராசைக்காரர் இல்லை. தனக்கும் தன் கூட்டாளிக்கும் வேலை செய்தால் வரக்கூடிய சம்பளம் எவ்வளவோ அவ்வளவே எடுக்கிறார். இந்த நாட்டுப் படங்களில் கள்ளனும் சில்லறை சரியாக எண்ணுகிறான்.

அந்த டிசம்பரில் ஹாவியேர் மிலெய் அதிபரானார். திரைப்பட நிறுவனத்தை மூடுவோம் என்று பிரசாரத்திலேயே சொன்னவர். 2024 மார்ச்சில் அதன் செலவுகளை வெட்டும் ஆணைகள் வந்தன. யாரும் பார்க்காத படங்களுக்கு ஏழைகளின் வரிப்பணம் எதற்கு என்பது அரசின் வாதம். டிக்கெட்டின் பத்து சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று அந்த வாதம் சொல்வதில்லை. மார்ச் 14 அன்று திரைத்துறையினரும் பார்வையாளர்களும் கவ்மோந்த் வாசலில் கூடினார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் பயன்படுத்திக் கலைத்தது. நான் வரிசையில் நின்ற அதே படிக்கட்டுகளைச் செய்திப் படத்தில் புகைக்கு நடுவே அடையாளம் கண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சென்யோராவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சமையலறை மேசைமேல் அந்த அலுமினியப் பாத்திரம். பழைய பள்ளங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் புதிதாக ஒரு வரிசை. கீழே ஒரு குரல்பதிவு. கண் இன்னும் எரிகிறது, வேறொன்றும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் கூட வந்தாள் என்றார். பிறகு இருமிவிட்டு, அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண் எடுத்த முதல் படம் வருகிறது, மதியக் காட்சிக்குப் போகிறேன், பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்கிறேன் என்றார்.